வள்ளத்து ஜெல்கோட் கீறல்: நிரப்பிய இடம் பிசுபிசுக்கிறது, வழி சொல்லுங்கள்

குளச்சல் கரையில் நிற்கும் நீல பைபர் வள்ளம். மணலில் இழுத்து ஏற்றியதில் அணியத்தின் (முன்பகுதியின்) வலப்பக்கம் நெடுக ஜெல்கோட்டில், அதாவது கண்ணாடி நாருக்கு மேலுள்ள நிறப் பிசின் பூச்சில், கீறல்.

நகத்தில் தட்டாத கீறல்கள் போய்விட்டன. சோப்புத் தண்ணீர் விட்டு 800, 1000, 1500, 2000 என்று உப்புத்தாள், ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக. பிறகு கம்பளிப் பேடில் ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் வாக்ஸ்.

நகம் மாட்டும் மூன்று கீறல்கள்தான் சிக்கல். ஜெல்கோட்டே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்; தேய்த்தே எடுக்கப் போனால் கண்ணாடி நார் வெளியே வந்துவிடும், அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் அசிட்டோனில் துடைத்து, 100 கிராம் ஜெல்கோட்டுக்கு 2 கிராம் ஹார்ட்னர் கலந்து நிரப்பியது. அடி இறுகிவிட்டது, மேல்தோல் மட்டும் மறுநாளும் கையில் ஒட்டுகிறது, உப்புத்தாள் இரண்டு இழுப்பிலேயே அடைத்துக்கொள்கிறது. காற்றுப் பட்டால் மேல்பக்கம் இறுகாது என்பது தெரிந்ததே. பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மூடினால் அணியத்து வளைவில் சுருக்கம் விழுகிறது. ஹார்ட்னரைக் கூட்டச் சொல்லாதீர்கள், வெடிப்பு விடும்.

மேல்பக்கம் காற்றுப் படாமலிருக்க ஜெல்கோட்டில் மெழுகுக் கரைசல் கலப்பவர்கள் 100 கிராமுக்கு எவ்வளவு விடுகிறீர்கள்? வெயிலில் வெளுத்த நீலத்துக்கு நிறம் சேர்ப்பது எப்படி? நாகர்கோவில் பக்கம் சிறிய அளவில் பிக்மென்ட் எங்கே கிடைக்கும்?