அகதிக் கதைகளில் காலவரிசை ஏன் குலைகிறது?

கேள்வி: தருமபுரி வாசகர்
தருமபுரியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுகிறோம். சென்ற மாதம் ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலை எடுத்துக்கொண்டோம். தஞ்சம் கேட்கும் மனுவையும் அடிக்குறிப்புகளையும் கதைக்குள்ளேயே வைத்திருக்கும் அந்நாவலில் நிகழ்ச்சிகள் ஒழுங்காக அடுக்கப்படவில்லை என்றும், அது எழுத்தாளரின் கைத்திறன் குறையே என்றும் ஒரு நண்பர் வாதிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவருக்குச் சொல்லத் தக்க விடையும் என்னிடம் இல்லை.

மறுமொழி 1: கிருஷ்ணகிரி, மனநலப் பணியாளர்
ஐயா, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடியை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்ததே 1980இல்தான். அந்நெருக்கடியில் இருப்பவருக்கு நடந்தது முடிந்துபோன நிகழ்ச்சியாக நினைவில் தங்குவதில்லை. ஒரு பட்டாசுச் சத்தமோ டீசல் வாடையோ போதும், அது மீண்டும் நடக்கத் தொடங்கிவிடும். அதே வேளையில், நடந்ததன் நடுப்பகுதி சிலருக்கு நினைவுக்கே வராது. இத்தகைய மனத்தை உள்ளிருந்து எழுதும் ஒருவர் நேர்கோட்டில் சொன்னால்தான் நான் ஐயப்படுவேன்.

மறுமொழி 2: ஊத்தங்கரை
நான் ஈழ அகதிகள் முகாமில் பிறந்தவன். 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. எங்கள் வாயில் இன்றும் அது ‘கேம்ப்’தான். என் பெரியப்பா ஐரோப்பாவுக்குப் போய்த் தஞ்சம் கேட்டவர். அங்கே ‘கேஸ்’ எழுதும்போது எந்தத் தேதியில் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று ஒவ்வொன்றையும் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் விசாரணையில் ஒரு மாதம் மாறிப்போனதால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அலுவலகம் ஏற்க மறுத்த அந்தக் குழம்பிய நினைவைத்தான் புனைகதை ஏற்றுக்கொள்கிறது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. அம்மம்மாவுக்குத் திரும்பிப் போக ஓர் ஊராவது நினைவில் இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. பார்த்தறியாத ஊரை இழந்தவர்களின் அந்நியத்தைச் சொல்லும் கதைகளைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி 3: ஓசூர்
தம்பி எழுதியதைப் படித்தபின் நெடுநேரம் என் தந்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை அடுத்து பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, எங்கள் குடும்பம் இரவோடு இரவாக எல்லை தாண்டி வந்தது. சொந்த நாட்டுக்குள் நாற்பது கிலோமீட்டர் தூரம் வந்ததை ஈழத்தவர் பட்ட துயரத்தோடு நான் ஒப்பிடவில்லை. ஆனாலும் அப்பா சாகும்வரை அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலில்தான் தொடங்குவார்; வீடு எரிந்ததைச் சொன்னதே இல்லை. வீட்டுக்கு என்ன ஆனது என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தோம்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் அந்த மனுப் பகுதியை மட்டும் உரக்கப் படிக்கப்போகிறோம். ஊத்தங்கரைத் தம்பி வர இயலுமானால் எங்களுக்கு மகிழ்ச்சி. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் ‘செக்கிங்’ இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், அன்றைக்கே வைத்துக்கொள்வோம்.