மாடித்தோட்டத்து லாவெண்டர் வாடுகிறது. அதன் பூவைச் சமையலில் சேர்த்தால் கற்பூர வாடை வருகிறது – ஆலோசனை தேவை

கேள்வி (கோவை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு லாவெண்டர் செடி வைத்திருக்கிறேன். நாற்றுப்பண்ணையிலிருந்து பூவோடு வாங்கி வந்த அந்தச் செடி கோடை முழுவதும் நன்றாகவே இருந்தது. ஐப்பசி மழை பிடித்த பிறகு அடி இலைகள் கருகிச் சுருள்வதோடு, கிளைகளும் ஒவ்வொன்றாகத் தொங்கத் தொடங்கியுள்ளன. தண்ணீர் போதவில்லையோ என்று மழை இல்லாத நாட்களில் காலையும் மாலையும் ஊற்றி வருகிறேன். ஆனாலும் வாட்டம் தெளியவில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நட்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கோடையில் பறித்து நிழலில் உலர்த்திய பூவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, குல்ஃபிக்காக அரை லிட்டர் பாலில் போட்டுக் காய்ச்சினேன். சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கற்பூரம் அளவுக்கு மீறி விழுந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாடையும், நாக்கில் தங்கும் கசப்பும் வந்ததால் வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. குறை பூவிலா, செய்முறையிலா?

பதில் (மதுரை)

அடி இலை கருகுவது சத்துக் குறைவாக இருக்கலாம். பஞ்சகவ்யத்தை நீரில் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள்.

பதில் (குன்னூர்)

மதுரை நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த நிலையில் எந்த உரமும் கொடுக்காதீர்கள். மத்தியதரைக் கடலை ஒட்டிய வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் வளர்ந்து பழகிய லாவெண்டருக்குப் பசியைவிட ஈரம்தான் பெரிய பகை. நீங்கள் சொல்லும் மண்கலவை கத்தரிக்கும் தக்காளிக்கும் ஏற்றது. அதிலுள்ள நார்க்கழிவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மழைக்காலத்தில் வேருக்குக் காற்றே கிடைக்காமல் போகிறது. வேர் அழுகினால் செடியால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், ஈர மண்ணில் நின்றுகொண்டே அது வாடும். அந்த வாட்டத்தைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றினால் அழுகல் விரைவுபடும்.

ஊகத்தில் நிற்காமல், தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்துப் பாருங்கள். நலமான வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் பழுப்பான மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவர, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் செடியைக் காப்பாற்றுவது கடினம். அப்போது பூக்காத பச்சை நுனிகளை மூன்று நான்கு அங்குல நீளத்தில் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள்; சில வாரங்களில் வேர் விடும்.

வேர் நன்றாக இருந்தால் அகன்ற வாயுள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள். கலவையில் பாதி பருமணலோ உடைத்த செங்கல் சல்லியோ இருக்கட்டும். மீதி செம்மண்ணோடு தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். இங்கே தேயிலைக்கு உகந்த புளிப்பு மண் என்பதால் நாங்கள் டோலமைட் சுண்ணாம்பு கலக்கிறோம். சமவெளியில் அது பெரும்பாலும் தேவைப்படாது. தொட்டியை மழை நேராக விழாத, ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வைத்து, விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். பூத்து முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். ஆனால் இலையில்லாத முற்றிய கட்டை வரை வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பது அரிது.

ஒன்று கேட்க வேண்டும்: இலையோரம் நேராக இருக்கிறதா, பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. வேரில் கால் பங்குதான் அழுகியிருந்தது. அதை நறுக்கிவிட்டுச் செடியை மண்தொட்டிக்கு மாற்றிவிட்டேன். இலையோரம் சீராகப் பல் பல்லாகத்தான் இருக்கிறது. பூக்கதிரின் உச்சியில் வெளிர் ஊதா இதழ்கள் சில குடுமியாக நிற்கின்றன.

பதில் (குன்னூர்)

அப்படியானால் உங்களிடம் இருப்பது லாவண்டுலா டென்டாட்டா என்ற, இலையோரம் பல் பல்லாக உள்ள லாவெண்டர் இனம். குளிர் தேவைப்படாமலே பூப்பதால் சமவெளி நாற்றுப்பண்ணைகளில் இது கிடைக்கிறது. இதன் எண்ணெயில் கற்பூரமும், நீலகிரித் தைலத்துக்கு அந்த வாடையைத் தரும் சினியோலும் மிகுதியாக இருக்கலாம். ஆகவே உங்கள் நாக்கு சொன்னது சரிதான். சமையலுக்கு உரியது லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற வேறோர் இனம். அதில் கற்பூரம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. மன்ஸ்டெட், ஹிட்கோட் என்பன அதன் வகைகள். ஆனால் நன்கு பூக்க அதற்குக் குளிர்காலம் வேண்டும். கோவை மாடியில் பூவை எதிர்பார்த்து அதை வளர்ப்பது வீண் என்பது என் கருத்து. இருக்கும் செடியை மணத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (பெங்களூரு, வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்)

சமையல் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன், அம்மா. நல்ல பூவாகவே இருந்தாலும் அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி மிக அதிகம். அரைத் தேக்கரண்டி போதும். பூவைப் பாலோடு காய்ச்சவும் கூடாது. பாலை இறக்கிய பிறகு பூவைத் தூவி, மூடி, ஐந்து நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள்; நேரம் நீண்டால் கசப்பு இறங்கும். பிஸ்கட்டுக்கு ஒரு கோப்பை சர்க்கரையில் ஒரு தேக்கரண்டி உலர் பூவைக் கலந்து, ஒரு வாரம் மூடிவைத்துச் சலித்து எடுத்தால் மணம் மென்மையாக ஏறியிருக்கும். எலுமிச்சையும் தேனும் இதற்கு நல்ல துணை. ஏலக்காயோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

உலர் பூ வாங்கும்போது உணவுக்குரியது என்ற குறிப்பையும் தாவரப் பெயரையும் பார்த்து வாங்குங்கள். ஜம்முவின் டோடா மாவட்டத்தைச் சேர்ந்த பதர்வாவில் மக்காச்சோளத்தை விட்டு லாவெண்டருக்கு மாறிய உழவர்கள் பலர் இருப்பதால், நம் நாட்டுப் பூவே இப்போது கிடைக்கிறது. அறை மணத்துக்காக விற்கும் பூவில் வாசனை எண்ணெய் தெளித்திருக்கலாம். நாற்றுப்பண்ணைச் செடியில் ஏற்கெனவே இருந்த பூவையும், எந்த மருந்து அடித்தார்கள் என்பது தெரியாததால், உண்ணக் கூடாது. மணம் போதவில்லை என்று லாவெண்டர் எண்ணெயைச் சொட்டுவிடும் வழக்கமும் வேண்டாம்; விழுங்கினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது தீங்கு செய்யும்.