கத்தவே கத்தாத பூனை: நோயா, இயல்பே இப்படியா?

மதில்மேல்:
எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் பூனை வந்திருக்கிறது. தெருவில் திரிந்தது, பல்லைப் பார்த்துவிட்டு மூன்று வயது இருக்கலாம் என்றார் மருத்துவர். வந்த புதிதில் சோபாவுக்கு அடியிலேயே கிடந்ததால் பயத்தில்தான் வாய் திறக்கவில்லை என்று விட்டுவிட்டோம். இப்போது பயம் போய்விட்டது, மடியில் ஏறிப் படுக்கிறது, தட்டை எடுத்தால் காலைச் சுற்றுகிறது, ஆனால் சத்தம் மட்டும் வரவே இல்லை. தலையைத் தூக்கி, கண்ணை இடுக்கி, கடைவாய்ப் பல் தெரிகிற அளவுக்கு வாயைத் திறக்கிறது, வருவது வெறும் காற்று. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் 'ஹ்க்' என்று ஏதோ கேட்கும், அவ்வளவுதான். குர்ர்ர் மட்டும் நன்றாக வருகிறது, கை வைத்தால் அதிர்வது தெரியும்.

இது ஏதாவது நோயா? அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. போன வாரம் துணி அலமாரிக்குள் புகுந்து படுத்திருக்கிறது, யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். வீடு முழுக்கக் கூப்பிட்டுத் தேடுகிறோம், உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை. வேறு பூனையாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும். இப்படி ஒரு பூனையை வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வாலாட்டி:
என்னிடம் ஒரு கடுவன் இருக்கிறான், குட்டியிலிருந்தே ஊமை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பாவம் பேச முடியவில்லையே என்று நீங்கள் உருகுகிற அளவுக்கு அதற்கு வருத்தம் இருக்காது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயைக் கூப்பிடச் சொல்லும், அப்புறம் பெரிதானதும் பெரும்பாலும் மனிதர்களிடம்தான் சொல்லும். மற்றதெல்லாம் வால், காது, வாசனை, உரசல். வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு வந்தால் அதுவே வணக்கம்.

கஷ்டம் நமக்குத்தான். எங்கள் வீட்டில் சாத்துவதற்கு முன்னால் உள்ளே பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது: அலமாரி, இழுப்பறை, வாஷிங் மெஷின், மடங்கி விரிகிற சாய்வு நாற்காலியின் (ரிக்ளைனர்) அடிப்பாகம். கடைசி இரண்டும் உயிருக்கே ஆபத்து, அதில் சலுகையே கிடையாது. கழுத்தில் மணி கட்டலாம், ஆனால் மாட்டிக்கொண்டால் தானாகக் கழன்றுவிடுகிற காலராக இருக்க வேண்டும். மணியை மட்டும் நம்பவும் கூடாது, ஏனென்றால் அடைபட்ட பூனை பெரும்பாலும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடும், மணி எங்கிருந்து ஒலிக்கும்? அதற்குப் பதிலாகத் தின்பண்ட டப்பாவைக் குலுக்கிவிட்டு வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கதவைப் பிறாண்டுகிற சத்தம் எங்கிருந்தாவது வரும்.

அறைக் கதவின் கைப்பிடியில் அதன் மூக்கு உயரத்துக்கு ஒரு சின்ன மணியைத் தொங்கவிட்டு, அது தற்செயலாக இடிக்கிற ஒவ்வொரு தடவையும் உடனே கதவைத் திறந்து ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டபின் நள்ளிரவிலும் அடிக்கும், அதை நான் சொல்லவில்லை என்று திட்டக்கூடாது.

அரைத்தூக்கம்:
என் பூனை விடியற்காலையில் எட்டுக் கட்டையில் கச்சேரி வைக்கிறது. ஒரு மாசம் மாற்றிக்கொள்ளலாமா?

கேள்விக்குறி:
அது கத்துகிறது, நமக்குத்தான் கேட்கவில்லை. பூனை காதுக்கு 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான். அந்த உயரத்தில் பேசுகிறது. இதற்கெல்லாம் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஊசிமருந்து:
காது விஷயம் சரி, ஆனால் முடிவு தப்பு. நன்றாகக் கத்தத் தெரிந்த பூனைகளும் சில நேரம் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறக்கும், அது பரவாயில்லை. எந்த நேரத்திலும் சத்தமே வராதது வேறு. நான் கால்நடை மருத்துவர்தான், பார்க்காமல் நோயைச் சொல்ல மாட்டேன், கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

இருந்த குரல் திடீரென்று போனால் பெரும்பாலும் தொண்டை அழற்சி. ஹெர்பிஸ், கலிசி வைரஸ்களால் வருகிற பூனைச்சளியோடு குரல் கம்மும், சளி குறைய அதுவும் திரும்பும். ஆரம்பத்திலிருந்தே இல்லை என்றால் பிறவியாக இருக்கலாம், கழுத்தில் பட்ட பழைய அடியாக இருக்கலாம், குரல்வளைக்குப் போகிற நரம்பு கெட்டிருக்கலாம். நரம்புதான் என்றால் மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும், சாப்பிடும்போது புரையேறும், உடம்பு இளைக்கும். வயதான பூனைக்குக் குரல் மாறினால் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் விடவே கூடாது.

குர்ர் வருகிறதே, அப்படியென்றால் தொண்டை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அதை வைத்து முடிவு கட்ட முடியாது. 2023-இல் வியன்னா ஆய்வாளர்கள் இறந்த பூனைகளின் குரல்வளையைத் தனியே எடுத்து வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தினார்கள். நரம்போ மூளையோ இல்லாமலே 25 முதல் 30 ஹெர்ட்ஸ் அளவில் குர்ரொலி வந்தது. குரல்நாணுக்குள் இருக்கிற மெத்தை போன்ற திசு அதற்கு உதவுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

பூனை ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் நிம்மதி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் காலை வரை காத்திருக்காதீர்கள். கருத்தடை ஆபரேஷனுக்குப் போனால் இது கத்தாத பூனை என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் விட வேண்டும், பூனையின் குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளும் சாதி. குழாய் விடுவதற்கு முன் குரல்நாண் இரண்டும் அசைகிறதா என்று அங்கேயே பார்த்துவிடச் சொல்லலாம், இதற்கென்று தனியாக மயக்கம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும்: தெருப்பூனைக்குக் குரல் மாற்றத்தோடு எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாதது, குணம் மாறுவது எல்லாம் சேர்ந்து வந்தால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம்.

மதில்மேல்:
ரொம்ப நன்றி டாக்டர். தூங்கும்போது எண்ணினேன், 20-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. புரையேறுவதில்லை, எடையும் கூடியிருக்கிறது. நீங்கள் அடி என்று சொன்னதும் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தேன். தொண்டைக்குக் குறுக்கே முடி முளைக்காத கோடு ஒன்று இருக்கிறது, கயிறு இறுகின மாதிரி. முடி அடர்த்தியில் இத்தனை நாள் தெரியவில்லை. எவன் கட்டினானோ. கருத்தடைக்கு நாள் குறித்திருக்கிறோம், அன்றைக்கே பார்க்கச் சொல்கிறேன். ஒரு சந்தேகம், வலி வந்தால் எப்படித் தெரியும்? அதற்கும் கத்தாதே.

ஊசிமருந்து:
அந்தத் தழும்பை மறக்காமல் காட்டுங்கள். வலி விஷயத்தில் உங்கள் பூனைக்கும் மற்ற பூனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கத்துகிற பூனையும் வலியை மறைக்கத்தான் பார்க்கும். முகத்தைப் பாருங்கள். காது பக்கவாட்டில் திரும்பும், கண் பாதி மூடும், மூக்கும் வாயும் இறுகும், மீசை விறைக்கும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் இந்த ஐந்துக்கும் மதிப்பெண் போடுகிற அளவுகோலே வைத்திருக்கிறார்கள், மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம்.

வாலாட்டி:
டாக்டர் சொன்னதோடு ஒன்று. இது உங்கள் பெண் பூனைக்கு இல்லை, ஊமைக் கடுவன் வைத்திருக்கிற வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு. ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறுகிற குழாய் ரொம்ப ஒடுக்கம், அடைத்துக்கொள்ளும். மற்றவர்களின் பூனை மணல் பெட்டியில் உட்கார்ந்து அலறும், உடனே தெரிந்துவிடும். நம்முடையது சத்தமில்லாமல் முக்கிவிட்டு இறங்கிப் போய்விடும். அதனால் நான் தினமும் மணலைக் கிளறி, ஈரக்கட்டி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேறு வேலை. திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய் ஒன்றும் வரவில்லை என்றால் பூனையை அப்படியே கூடையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், ஒரு நாள் தள்ளினாலே சிறுநீரகம் போய்விடும்.