டெலோரியன் கதவு டார்ஷன் பார்: வீட்டிலேயே முறுக்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

துருப்பிடிக்காதவன்:
1981 மாடல் டெலோரியன் கார், மேல்நோக்கித் திறக்கும் இடது கதவு பாதிக்கு மேல் ஏற மறுத்தது. கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தண்டு) புதுசு மாட்டியும் அதே கதைதான். சரி, முறுக்கின் விசையால் கதவைத் தூக்கும் எஃகுத் தண்டான டார்ஷன் பாரில்தான் விஷயம் என்று நண்பரை வைத்துக்கொண்டு கராஜில் இறங்கினோம். கதவை முழுக்கத் திறந்து முட்டுக் கொடுத்தாச்சு, பாரின் முனையில் நீள லீவரை மாட்டி அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் போல்ட்டைக் கழற்றினேன். கடைசி மரை விட்டதும் லீவர் ஒரு விரற்கடை அசைந்தது, அவ்வளவுதான். ஆனால் அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த மனுஷன் வாயை மூடிவிட்டார், கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. முறுக்கு குறைவாக இருக்கும் திறந்த நிலையிலேயே இந்த இழுப்பு என்றால், மூடிய கதவில் எவ்வளவு அடங்கியிருக்கும்? இன்னும் அதை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா?

கடுங்குளிர்:
இருக்காதா பின்னே! அந்தப் பாரைச் செய்தது க்ரம்மன், நிலவில் இறங்கிய அப்பல்லோ கலத்தைக் கட்டிய அதே கம்பெனி. திரவ நைட்ரஜனில் உறைய வைத்து முறுக்கிய எஃகு அது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம், புது ஸ்ட்ரட் என்கிறீர்களே, அதைச் சோதித்தீர்களா? நான் வாங்கிய புது ஸ்ட்ரட்டே காற்றுப் போனதாகத்தான் வந்தது. போன ஜனவரி, விடியற்காலைக் குளிர், கதவைத் தூக்கிவிட்டுக் குனிந்தேன், சத்தமே இல்லாமல் இறங்கி என் தோளில் உட்கார்ந்தது. பகலில் வெயில் ஏறியதும் அதே கதவு ஒழுங்காக நின்றது. குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும், பாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாரைத் தொடுவது கடைசி வேலை.

பழைய ஸ்பானர்:
கடுங்குளிர் சொல்வது பாதிதான் சரி. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன வண்டி, பாரும் தளரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் நேர்மாறான தொல்லை, யாரோ முன்னாலேயே அளவுக்கு மேல் முறுக்கி வைத்திருந்தார்கள், கதவை மூட உள்ளேயிருக்கும் வாரைப் பிடித்து இழுத்தால் முன் லாட்ச் (பூட்டும் கொக்கி) விழுகிறது, பின் லாட்ச் விழவில்லை. அவர் உள்ளே உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

செய்யப் போகிறவர்கள் கேளுங்கள். முதலில் ஸ்ட்ரட். பிறகு கீல், லாட்ச், ரப்பர் பீடிங் எல்லாம் பார்த்து, கதவு வேறெங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் பாருக்கு வாருங்கள். கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஒருவர் அதைப் பிடித்தே நிற்க வேண்டும், கட்டையை மட்டும் நம்பாதீர்கள். லீவர் அதற்கென்றே செய்ததாக இருக்கட்டும், குழாயை வெட்டி ஒட்டியதெல்லாம் வேண்டாம். லீவர் திரும்பும் வழியில் முகமோ மணிக்கட்டோ இருக்கக் கூடாது. கொஞ்சமாக மாற்றி, பூட்டி, மூடித் திறந்து பாருங்கள். கதவு திறக்கப் பக்கத்தில் 28 செ.மீ. இடம் போதும் என்பதால் சுவரை ஒட்டி நிறுத்தி இந்த வேலையைச் செய்கிறார்கள், ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் விலகுவீர்கள்?

துருப்பிடிக்காதவன்:
சார், ஸ்ட்ரட்டைக் கழற்றி வலது கதவில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாருக்கே போனேன், அந்தப் பக்கம் நன்றாகவே தூக்கியது. இப்போது இடது கதவு முழுக்க ஏறுகிறது, இரண்டு லாட்சும் விழுகின்றன. நண்பர்தான் வலது கதவுக்கு வர மாட்டேன் என்கிறார்.