1922 வீட்டு வேப்பர் ஸ்டீம் ஹீட்டிங்: பாய்லர் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குடுவையைக் கழற்றலாமா?

அயோவா_கவிதா

வணக்கம். அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரத்தில், ட்ரேக் பல்கலைக்கழகம் பக்கம், 1922-இல் கட்டிய வீடு ஒன்றைக் கோடையில் வாங்கினோம். வீடு முழுக்க வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைப். மேலே ஒரு பக்கம் கைப்பிடி வைத்த சின்ன வால்வு. எதிர்ப்பக்கம் கீழே ஒரு முழங்கை, அதன் தலையில் உருண்டையான மூடி. நண்பர்கள் வீட்டு ஸ்டீம் ரேடியேட்டர்களில் 'உஸ்' என்று காற்று விடும் வென்ட் இருக்குமே, அது எங்கள் வீட்டில் ஒன்றில்கூட இல்லை.

பேஸ்மென்டில் பாய்லர் பக்கத்தில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பெரிய இரும்புக் குடுவை பைப்புகளோடு இணைந்திருக்கிறது. வந்து பார்த்த காண்ட்ராக்டர், "இது செத்த சாமான், வெட்டி எடுத்துவிட்டு எல்லா ரேடியேட்டருக்கும் வென்ட் போட்டுவிடலாம்" என்கிறார். மாடியில் கடைசி இரண்டு அறைகள் சூடாவதில்லை. இரவில் பைப்பில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம். குளிர் நெருங்குகிறது. அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பாய்லர்_அருள்

கவிதா, தயவுசெய்து எதையும் வெட்ட விடாதீர்கள். சிகாகோவில் பழைய பள்ளிக்கூடங்கள், அடுக்குமாடிக் கட்டடங்களில் பாய்லர் பார்ப்பதுதான் என் வேலை. இந்த மாதிரி அமைப்புகளை உயிரோடு பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கும். நூறு வருடம் ஓடிய ஒன்றை அரைநாளில் கெடுத்துவிடுகிறார்கள், அது எனக்குத் தாங்காது.

நீங்கள் சொல்வது வேப்பர் ஹீட்டிங். சாதாரண ஸ்டீம் வீட்டில் ஒரே பைப்பில் நீராவி ஏறும், தண்ணீரும் அதிலேயே இறங்கும், காற்று ரேடியேட்டரில் இருக்கும் வென்ட் வழியாகப் போகும். உங்கள் வீட்டில் நீராவி மேலே நுழைகிறது. தண்ணீரும் காற்றும் கீழே உள்ள முழங்கை வழியாக, பாய்லருக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்புக்குப் போகின்றன. மொத்த வீட்டின் காற்றும் பேஸ்மென்டில் பாய்லர் பக்கம் ஒரே இடத்தில் வெளியேறும். அதனால்தான் ரேடியேட்டரில் வென்ட் இல்லை, இருக்கவும் கூடாது. இது ஓடும் அழுத்தம் (சதுர அங்குலத்துக்கு) அவுன்ஸ் கணக்கு, பவுண்டு கணக்கு இல்லை; 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு.

அந்தக் குடுவை பெரும்பாலும் ரிட்டர்ன் ட்ராப். அந்தக் காலத்தில் பாய்லரில் நிலக்கரி. தீ ஒருமுறை ஏறிவிட்டால் உடனே அணைக்க முடியாது, அழுத்தம் எகிறும். அழுத்தம் எகிறினால் ரிட்டர்ன் தண்ணீர் பாய்லருக்குள் இறங்க முடியாமல் மேலே தேங்கும். அப்போது குடுவைக்குள் தண்ணீர் ஏறி, உள்ளே இருக்கும் மிதவை எழும்பி, பாய்லர் நீராவியைத் தண்ணீரின் தலைமேல் திறந்துவிடும். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிட்டால் தண்ணீர் தன் எடையிலேயே பாய்லருக்குள் இறங்கிவிடும். மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை. எனக்கு இன்னும் வியப்புதான்.

முதல் வேலை, பெயரைக் கண்டுபிடிப்பது. ரேடியேட்டர் முழங்கையின் மூடியிலும் குடுவையின் உடம்பிலும் எழுத்து வார்த்திருக்கும், பெயின்ட்டுக்குள் புதைந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான், உங்கள் வீட்டுப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் நீக்கும் பசையைத் தடவி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். டன்ஹாம், ஹாஃப்மன், ட்ரேன், வெப்ஸ்டர், இலினாய், பார்ன்ஸ் அண்ட் ஜோன்ஸ், இந்த நிறுவனப் பெயர்களில் ஒன்று வரலாம். ஒவ்வொருவர் அமைப்பும் வேறு. பென்சில்வேனியா யார்க் நகரத்து ப்ரூமல் அமைப்பில் ரிட்டர்ன் முழங்கைக்குள் அசையும் பாகமே கிடையாது, தேங்கிய கொஞ்சம் தண்ணீர்தான் நீராவியைத் தடுக்கும். அங்கே போய்ப் புது ரேடியேட்டர் ட்ராப் (நீராவியைத் தடுத்து, தண்ணீரையும் காற்றையும் மட்டும் வெளியே விடும் முழங்கை வால்வு) மாட்டுவது வீண் வேலை. அதனால்தான் பெயர் முக்கியம்.

அப்புறம், இரண்டு விவரம் வேண்டும். பாய்லர் கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்திலிருந்து, ரிட்டர்ன் பைப் கீழே இறங்கத் தொடங்கும் இடம்வரை எத்தனை அங்குலம்? பாய்லர் மேல் இருக்கும் சாம்பல் நிறக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அழுத்தம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள்?

ஒஹாயோ_செந்தில்

அருள் அண்ணா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் வீட்டில் முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ ரேடியேட்டர்களைத் துளைத்து வென்ட் போட்டிருந்தார்கள். நீராவி ரிட்டர்னுக்குள் போய், இரண்டு பக்கத்திலிருந்தும் காற்றை நெருக்கிக்கொண்டிருந்தது. வென்ட் போட்டதும் ரேடியேட்டர் சூடாகும், உண்மையான கோளாறு உள்ளே ஒளிந்துகொள்ளும், கேஸ் பில் ஏறும். ட்ராப்களைச் சரிசெய்த பிறகு எல்லா வென்ட்டையும் எடுத்துப் பிளக் போட்டுவிட்டோம்.

இன்னொன்று, பைப்பில் வெள்ளையாக அட்டை மாதிரி சுற்றியிருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தொடவே வேண்டாம். பரிசோதனைக்குக் கொடுத்து, உரிமம் உள்ளவர்களை வைத்தே எடுங்கள். எடுத்த இடத்தில் 1 அங்குலக் கண்ணாடியிழை உறை கட்டாயம் போடுங்கள். வெறும் பைப்பில் நீராவி பாதி வழியிலேயே தண்ணீராகிவிடும், மாடிக்கு ஏறாது.

அயோவா_கவிதா

இருவருக்கும் நன்றி! மூடியில் டன்ஹாம் என்று இருக்கிறது. குடுவையிலும் அதே பெயர், அதோடு மார்ஷல்டவுன், அயோவா! பக்கத்து ஊர்ச் சாமான் என்று தெரிந்ததும் என் மகள் குடுவைக்குப் பெயரே வைத்துவிட்டாள்.

அளவு 24 அங்குலம். பெட்டியில் 2 பவுண்டு. குடுவைக்கு மேலே பித்தளையில் இன்னொரு சின்ன உருப்படி இருக்கிறது, பெயின்ட் அடித்து வாய் மூடியிருக்கிறது.

பாய்லர்_அருள்

டன்ஹாம்! ரேடியேட்டருக்கான தெர்மோஸ்டாட்டிக் ட்ராப்பை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பின்னாளில் டன்ஹாம்-புஷ் ஆன நிறுவனம் அதுதான். மார்ஷல்டவுன் உங்களிடமிருந்து ஒரு மணி நேரக் கார் பயணம், இல்லையா? அந்த ஊர் வார்ப்பு இன்னும் தன் மண்ணிலேயே இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

சத்தத்துக்குக் காரணம் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. பாய்லரில் 1 பவுண்டு அழுத்தம் இருந்தால் அது ரிட்டர்ன் தண்ணீரைச் சுமார் 28 அங்குலம் மேலே தூக்கி நிறுத்தும். 2 பவுண்டுக்கு 56 அங்குலம். உங்களிடம் இருப்பதோ 24. தண்ணீர் கிடைப் பைப்புகளுக்குள் ஏறி நிற்கிறது, அதில் நீராவி மோதுகிறது. அந்தக் குடுவை மட்டும் இத்தனை நாள் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அதைத்தான் உங்கள் காண்ட்ராக்டர் வெட்டச் சொல்கிறார்.

இப்போது இருக்கும் சாம்பல் பெட்டி மாதிரியான சாதாரண அழுத்தக் கட்டுப்பாட்டால் (ப்ரஷர்ட்ரால்) அவ்வளவு கீழே இறங்க முடியாது. 16 அவுன்ஸ் வரை போகும் வேப்பர்ஸ்டாட் (குறைந்த அழுத்தத்துக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். பாய்லர் தீ 8 அவுன்ஸில் நிற்கட்டும், 3-இல் மறுபடி பற்றட்டும். 8 அவுன்ஸுக்குத் தண்ணீர் 14 அங்குலம்தான் ஏறும், 10 அங்குலம் மிச்சம். 30 பவுண்டு கேஜ் (அழுத்தமானி) விதிப்படி இருக்க வேண்டும், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அவுன்ஸை அது காட்டாது, பக்கத்தில் 3 பவுண்டு கேஜ் ஒன்று சேருங்கள். கேஜுக்குக் கீழே பன்றிவால்போல் சுருண்ட குழாயில் சேறு அடைத்திருந்தால் எல்லாமே பொய் சொல்லும், கழற்றி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயின்ட்டால் மூடிய அந்தப் பித்தளை உருப்படி ஏர் எலிமினேட்டர். வீட்டின் மொத்தக் காற்றுக்கும் அதுதான் வாசல். மாடியின் கடைசி அறைகள் சூடாகாததற்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். சுத்தம் செய்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த இடத்தில் புதிய மெயின் வென்ட் போடலாம், பழையதைச் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது ட்ராப்கள். ரேடியேட்டர் முழுக்கச் சூடான பிறகு ட்ராப்புக்கு முன்னும் பின்னும் வெப்பம் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அகச்சிவப்பு வெப்பமானி தப்பாகக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் ட்ராப் திறந்த நிலையிலேயே கெட்டுவிட்டது. ரேடியேட்டரே சில்லென்று இருந்தால் மூடிய நிலையில் மாட்டியிருக்கலாம். முழு ட்ராப்பையும் மாற்ற ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது ட்ராப்பின் அளவு பழைய பைப்போடு பொருந்தாது, இணைப்புத் திருகும் (யூனியன்) சேராது, கடைசியில் தரையை உடைப்பார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும். டன்ஹாம் மாடலுக்கு ஏற்ற உறுப்புகள் பார்ன்ஸ் அண்ட் ஜோன்ஸிலும் டன்ஸ்டலிலும் கேட்டுப் பாருங்கள். கழற்றும்போது ஒரு ரெஞ்ச் மூடியில், இன்னொன்று ட்ராப் உடம்பில். இல்லையென்றால் திருகுவது பைப்பைத்தான்.

அயோவா_கவிதா

பாய்லர் பழசு, இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது குடுவை தேவைப்படுமா?

பாய்லர்_அருள்

வேப்பர்ஸ்டாட் சரியாக வேலை செய்தால் குடுவைக்குள் மிதவை எழும்ப வேண்டிய அவசியமே வராது. ஆனாலும் அதைப் பைப்போடு அப்படியே விடுங்கள். காற்று போகும் வழி அதோடு பிணைந்திருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு உண்டு. அவற்றைத் திறந்து சேற்றை எடுத்துவிட்டால் போதும்.

புதுப் பாய்லர் வாங்கும்போது ஒன்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள். புதிய தண்ணீர் மட்டம் பழைய மட்டத்திலேயே நிற்க வேண்டும். இப்போதைய பாய்லர்கள் குட்டை. மட்டம் இறங்கினால், தண்ணீருக்குள் மூழ்கியிருந்த பைப் வெளியே தெரியும், நீராவி அதன் வழியாக ரிட்டர்னுக்குள் புகுந்துவிடும். பாய்லரைக் கல் அடுக்கி உயர்த்தி வைத்தால் தீர்ந்தது. இன்றைக்கே கண்ணாடிக் குழாய்க்கு நேராகச் சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதிவிடுங்கள்.