இலங்கைத் தமிழர் முகாம் மனுக்கள்: எந்தத் தேதிக்கு எந்தச் சட்டம்?

தமிழினி, மாதவரம் (கேள்வி)

வணக்கம். புழல், கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாம்களில் சட்ட உதவி நாள் நடத்துகிறோம். மனு எழுத வருகிற சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டும். தாயகம் திரும்பியவர் யார், அகதி யார் என்பதே பலருக்குப் பிடிபடவில்லை. முகாமில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே சட்டமா? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் கீழ் மனுப் போடலாமா? போன வருஷம் செப்டம்பரில் குடியுரிமையே கொடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது, அது உண்மையா? 2025 செப்டம்பர் ஆணையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். 1948-இலிருந்து வரிசையாகத் தெரிந்தால் நல்லது.

எழும்பூர்வாசி

தமிழினி, இலங்கைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அது புரியாமல் இந்தியச் சட்டத்தைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மலையகத்துக்கு (இலங்கையின் மலைத் தோட்டப் பகுதிக்கு) வேலைக்குப் போனவர்கள் கள்ளத்தனமாகப் போனவர்கள் அல்லர். கங்காணி ஆள் திரட்டினார், மண்டபம் முகாமில் சோதித்து அனுப்பினார்கள், கழுத்தில் தகர வில்லை. அந்த வில்லையில் தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் அடித்திருக்கும். வழிச் செலவு அந்த எண்ணில் பற்று எழுதப்பட்டது, தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரிலிருந்து போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அன்று பாஸ்போர்ட் கேட்ட ஆளில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பின்னாளில் "உன் பாட்டன் எப்போது வந்தான், காகிதம் காட்டு" என்று கேட்டபோது காட்டுவதற்குக் காகிதம் எவரிடமும் இருக்கவில்லை.

1939 ஆகஸ்டில் இந்தியா தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடுத்தது. 1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் எண் 18 வந்தது. அதன்படி இலங்கையில் பிறந்தவரும், தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். தோட்ட மக்களில் பெரும்பாலோர் ஒரே வெட்டில் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் எண் 3 சட்டம் ஒரு வாசல் திறந்தது: 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு வசிப்பு. மனுப் போட ரெண்டே வருஷம், 1951 ஆகஸ்ட் 5 வரை. சுமார் 8 லட்சம் பேருக்கு மனு போனது, கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததைக்கூட வசிப்பு முறிந்ததாகப் பார்த்து மனுவைத் தள்ள முடிந்தது. அதே 1949-இல் எண் 48 சட்டம் வாக்குரிமையையும் பறித்தது.

அடுத்து 1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். கணக்கு 9,75,000 பேர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000. அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். 15 வருஷக் கெடு, ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை என்ற விகிதம். கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் பதிவு செய்து பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள்தான் தாயகம் திரும்பியோர். இவர்கள் இந்தியக் குடிமக்கள், சந்தேகமே இல்லை. நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டங்களும் சென்னையில் 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கியும் இவர்களுக்காக (பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கும் சேர்த்து) வந்தவை.

1983 ஜூலைக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்கள் அகதிகள். ஆனால் இந்த எல்லைக்கோட்டை மேலோட்டமாகப் போட்டுவிடாதீர்கள். 1984-இல் கப்பல் நின்றது. கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் கப்பலேற முடியாமல் நின்றவர்கள் உண்டு. அவர்களில் சிலர் 1990-இல் படகில் வந்து, அகதி என்றே பதிவானார்கள். சட்டப்படி இந்தியர், பதிவேட்டில் அகதி. "பழைய நீல பாஸ்போர்ட், கண்டி முத்திரை போட்ட தாள் ஏதாவது வீட்டில் இருக்கா?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். தாத்தா பெயரில் இருந்தாலும் கேளுங்கள், அவருக்கு அப்போது மைனராக இருந்த பிள்ளைகளின் பெயரும் அதே தாளில் இருக்கலாம்.

பாரிமுனை ஜூனியர்

எழும்பூர்வாசி சார் சொன்னதற்குத் தொடர்ச்சி. இந்தியப் பக்கத்தில் 1955 குடியுரிமைச் சட்டம்தான் அடிப்படை. அது 1986, 2003 திருத்தங்களில் பெரிதாக மாறியது, ரெண்டு முறையும் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டது.

பிறப்பு வழி (3-ஆம் பிரிவு): 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தால் குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும் (தூதரக அதிகாரிகள், எதிரிநாட்டார் விதிவிலக்கு). 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை, தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் "சட்டவிரோதமாகக் குடியேறியவர்" ஆக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் முகாம் பெண்ணைக் கட்டிய உள்ளூர்க்காரரின் பிள்ளையைப் பாதிக்கிறது. ஒரே வீட்டில் 1986-இல் பிறந்த அக்கா குடிமகள், 1989-இல் பிறந்த தம்பி அந்நியன் என்பது நிஜமாகவே நடக்கிறது. 1986 திருத்த மசோதாவின் நோக்க அறிக்கையிலேயே இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள், தற்செயலாக விழுந்த அடி அல்ல இது.

1983 ஜூலைக்கும் 1987 ஜூன் 30-க்கும் இடையில் இங்கே பிறந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள், அவர்களுக்குத்தான் வழக்கு வலுவானது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. குடியுரிமை கேட்டு மனுப் போடத் தேவையில்லை, ஏற்கெனவே குடிமக்கள். பிறப்புச் சான்றிதழோடு நேரே பாஸ்போர்ட் விண்ணப்பம், மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

பதிவு வழி (5-ஆம் பிரிவு): இந்திய வம்சாவளியினருக்கு 1955-இல் கேட்டது 6 மாத வசிப்பு, 1986 திருத்தத்தில் 5 ஆண்டு, 2003 திருத்தத்தில் 7 ஆண்டு. அந்த ஏழு ஆண்டைக் கணக்கிடும் முறை: மனுவுக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாக, அதற்கு முந்தைய 8 ஆண்டில் 6 ஆண்டு. நாற்பது வருஷமாக முகாமில் இருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. இடறும் இடங்கள் ரெண்டு. ஒன்று, சட்டவிரோதமாகக் குடியேறியவர் இந்தப் பிரிவில் மனுப் போடக் கூடாது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் யாராயினும் அந்த வரையறைக்குள் விழுவார், படகில் உயிர் தப்பி வந்தவரும்தான். இரண்டாவது, இன்றைய பிரிவில் வம்சாவளி என்றால் மனுதாரரோ அவர் பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா திருச்சியில் பிறந்தார் என்பது இங்கே செல்லாது. அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்பு தாத்தா பாட்டியையும் ஏற்கிறது, ஆனால் அது வெளிநாட்டில் வசிப்பவர் தூதரகத்தில் பதிவு செய்வதற்கு. மாணவர்கள் ரெண்டையும் போட்டுக் குழப்பி மனு எழுதுவார்கள், முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

2019 திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்றுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. அந்த இணையதளத்தில் மனுப் போட வைத்து யாரையும் அலைய விடாதீர்கள்.

தமிழினி, மாதவரம்

ரொம்ப நன்றி சார். "சட்டவிரோதமாகக் குடியேறியவர்" முட்டுக்கட்டை 2025 ஆணையால் நீங்கியதா இல்லையா? முகாமில் எல்லோரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

சேப்பாக்கம் தோழர்

பதமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது, ஆசை காட்டிவிடக் கூடாது.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடப்புக்கு வந்தது. 1920 பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939 பதிவுச் சட்டம், 1946 வெளிநாட்டினர் சட்டம், 2000 போக்குவரத்து நிறுவனப் பொறுப்புச் சட்டம் ஆகிய நாலும் ரத்து. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு வந்த விலக்கு ஆணைதான் வாட்ஸப் செய்தி: 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது அந்தத் தண்டனைப் பிரிவுகள் பாயாது.

அவ்வளவுதான். வழக்கும் சிறையும் இல்லை என்பது உண்மையான நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1955 சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. 2019-இல் அந்த மூன்று நாட்டுச் சிறுபான்மை மதத்தவருக்கு "சட்டவிரோதமாகக் குடியேறியவராகக் கருதப்படமாட்டார்" என்று குடியுரிமைச் சட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். இலங்கைத் தமிழருக்கு அந்த வரி எழுதப்படும் வரை விலக்கு ஆணையைக் காட்டிக் குடியுரிமை கேட்க வழியில்லை.

ஆணையில் "பதிவு செய்துகொண்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் காவல் நிலையப் பதிவைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். வீடு மாறி, பழைய ஸ்டேஷனிலேயே பெயரை விட்டுவிட்டவர்களுக்குச் சிக்கல் வரும். பழைய பதிவுச் சீட்டு தொலைந்திருந்தால் சேப்பாக்கம் எழிலகத்தில் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தில் முகாம் பதிவின் நகல் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

மலையக வழியினருக்குத் தனிக் கோப்பு போடுங்கள். 2019 ஜூனில் மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேர் வழக்கில், இந்திய வம்சாவளியினர் என்ற முறையில் அவர்கள் மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பெற்றோரில் ஒருவர் இந்தியாவில் பிறந்ததற்கு ஆதாரம் இருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு கை கொடுக்கும்.

பாரிமுனை ஜூனியர்

ஆவணத்தில் ஒரு எச்சரிக்கை, இதில்தான் நல்ல வழக்குகளும் கெடுகின்றன. 1987-க்கு முன் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவே இல்லாவிட்டால் தாமதப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு கடந்ததற்கு 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3) பிரிவு, முன்பு நீதித்துறை நடுவர் உத்தரவு, 2023 திருத்தத்துக்குப் பிறகு வருவாய்த் துறை நடுவர். அரசு மருத்துவமனைப் பதிவேட்டு நகல், முகாம் குடும்ப அட்டையில் பிள்ளை பெயர் சேர்த்த தேதி, பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தமிழில் "இராசேந்திரன்", ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழில் ஆர்-ஏ-ஜே, இன்னொன்றில் ஆர்-ஏ-எஸ் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று: பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைப் பிரஜையாக்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மனு எழுதுங்கள். தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் 9-ஆம் பிரிவில் இந்தியக் குடியுரிமை போய்விடும். மைனராக இருந்தபோது பெற்றோர் செய்த பதிவு "தானாக விரும்பி" ஆகாது என்று வாதாடலாம், ஆனால் அதை மறைத்து மனுப் போட்டால் அந்த வாதத்துக்கே இடமில்லாமல் போகும்.

எழும்பூர்வாசி

இலங்கைக்கே திரும்ப நினைக்கும் மலையக வழியினர் வந்தால்: 2003-இன் எண் 35 சட்டம் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்தவருக்கும் அவர் வழிவந்தவருக்கும் பிரஜாவுரிமை தந்தது. இங்கே முகாமில் இருந்தவர்களுக்குத் தொடர் வசிப்பு என்ற நிபந்தனை இடித்தது, 2009 திருத்தத்தில் அதைத் தளர்த்தினார்கள். நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் வெளியேறும் அனுமதிக்குப் போகுமுன் துணைத் தூதரகத்தில் இந்தப் பிரஜாவுரிமைப் பத்திரத்தை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரிசை மாறினால் பயணத் தாளே கிடைக்காது.