எங்கட பள்ளியில இணைந்த கணிதம் இல்லையாம், மகளை எங்க விடுறது?

வயல்காரன்_கொக்கட்டிச்சோலை
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஓ.எல்லில (சாதாரண தரம்) கணிதம், விஞ்ஞானம் ரெண்டும் ஏ. சின்னனில இருந்தே எஞ்சினியர் எண்ட ஒரே கதை. போன கிழமை ஏ.எல் (உயர்தரம்) அனுமதிக்குப் போனால், இந்த முறை இணைந்த கணிதம் நடத்த ஏலா எண்டு அதிபர் சொல்றார். படிப்பிச்ச சேருக்கு இடமாற்றம், பதிலுக்கு ஆள் வரல்ல. கேட்ட பிள்ளைகளும் மொத்தம் 5 பேர்தானாம். “தொழினுட்பப் பிரிவில போடுங்க, அதுவும் எஞ்சினியரிங்தான்” எண்டார்.
அதை எடுக்கிறதா, தினமும் மண்முனைப் பாலத்தால வாவியைத் தாண்டி மட்டக்களப்பு டவுன் பள்ளிக்கு பஸ்ஸில விடுறதா, கல்லடியில என்ட தங்கச்சி வீட்டில நிப்பாட்டுறதா? நான் வயல் செய்யிற ஆள், இந்தக் கணக்கெல்லாம் விளங்காது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

வாவிக்கரை
அண்ணன், “அதுவும் எஞ்சினியரிங்தான்” எண்டதை மட்டும் நம்பிப் போடாதீங்க. பொறியியல் பீடத்துக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூண்டும் வேணும். தொழினுட்பப் பிரிவில படிச்சால் கிடைக்கிறது தொழினுட்பப் பட்டம். ஒலுவிலுக்குப் போய்ப் பாருங்க, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில பொறியியல் பீடமும் இரிக்கி, தொழினுட்ப பீடமும் இரிக்கி. ஒரே வளவு, ஆனா வாசல் வேற வேற. ஒண்டால உள்ளுக்குப் போனவன் மற்றதால வர ஏலா.
டவுனுக்கு அனுப்புங்க. இதில யோசிக்க ஒண்டுமில்ல.

ஈடெக்_பொடியன்
வாவிக்கரை அண்ணன் சொன்னது சரி, சொன்ன விதம் சரியில்ல. நான் தொழினுட்பப் பிரிவுதான். 2013இல தொடங்கி, 2015இல முதல் சோதினை நடந்த பிரிவு இது. இன்னும் ஊரில “மெத்ஸ் ஓடாதவன் போற இடம்” எண்டுதான் கதை. மோட்டரைக் கழட்டிப் பூட்டி, சேர்க்கிட் செய்து படிச்ச நாங்க. பட்டம் முடிச்சி இப்ப வேலையும் செய்யிறன்.
அண்ணன், மகளுக்குக் கணக்கில ஆசையா, எஞ்சினியர் எண்ட பேரில ஆசையா? முதல்ல அதைக் கேளுங்க.

ஓய்வு_ரீச்சர்
31 வருசம் கணிதம் படிப்பிச்சவள், அதில 20க்கு மேல படுவான்கரையில, வாவிக்கு இந்தப் பக்கம். இஞ்ச எல்லாரும் ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறீங்க. மிச்சம் நாலு?
இந்த வருசம் அஞ்சு பேரும் பாலம் தாண்டினால் வாற வருசம் கேக்கிறதுக்கு ஆளே இராது. “பிள்ளை இல்லாத பாடத்துக்கு ஏன் ஆசிரியர்” எண்டு வலயக் கல்விப் பணிமனை கேக்கும். மறுகா பயோப் பிள்ளைகள் பௌதிகத்தை விட்டுட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தால் பௌதிக சேருக்கும் வகுப்பில்ல, அவரும் போவார். விஞ்ஞானப் பிரிவு இரிக்கிற 1ஏபி பள்ளி, அது இல்லாத 1சி ஆகிறது இப்பிடித்தான். ஒரு நாளில நடக்காது, நாலஞ்சு வருசத்தில சத்தமில்லாம நடக்கும். பேருக்கு உயர்தரம் இரிக்கும், கலையும் வர்த்தகமும் மட்டும்.
அஞ்சு பெற்றாரும் சேர்ந்து கையெழுத்து வெச்சி வலயக் கல்விப் பணிப்பாளரைப் பாருங்க. தனி ஆள் போனால் வெளி வாங்கில இருத்தி வைப்பாங்க, அஞ்சு பேர் போனால் கதிரை போடுவாங்க.

வாவிக்கரை
ரீச்சர், மன்னிக்கோணும். பள்ளியைக் காப்பாத்திறது பிள்ளைட வேலையில்ல. ஏ.எல்லுக்கு இரிக்கிறது ரெண்டு வருசம். அதில ஆறு மாசம் ஆசிரியருக்குக் காத்திருந்தால் மிச்சத்தில இணைந்த கணிதத்திட பியூரை (தூய கணிதம்) முடிக்கிறதா, அப்ளைட்டை (பிரயோக கணிதம்) முடிக்கிறதா?
மற்றது கோட்டா. பல்கலைக்கழக அனுமதியில 40 வீதம் தீவளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16க்குள்ளதான். ஆனா மாவட்டத்துக்குள்ள படுவான்கரைக்கெண்டு தனி வெட்டுப்புள்ளி இல்ல. கொக்கட்டிச்சோலையில ஆசிரியர் இல்லாம படிச்சாலும், டவுனில ரெண்டு ரியூசன் போய்ப் படிச்சாலும் ஒரே வெட்டுப்புள்ளி.
நேராக் கேக்கன், உங்கட பிள்ளைகள் எங்க படிச்ச?

ஓய்வு_ரீச்சர்
டவுனில. நான் இஞ்ச மற்ற ஆக்கள்ட பிள்ளைகளுக்குப் படிப்பிச்சிக்கிட்டு, என்ட பிள்ளைகளை அங்க விட்டன். அதனாலதான் சொல்றன்.

கல்முனையான்
பேசாம கல்முனைக்கு அனுப்புங்க. நல்ல பள்ளிகள் இரிக்கி.

வாவிக்கரை
கொக்கட்டிச்சோலையில இருந்து கல்முனைக்கா? தூரத்தை விடுங்க, அது அம்பாறை மாவட்டம். மாவட்டம் மாறினால் கோட்டா என்னெண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுட கைநூலை வாசிச்சிட்டுக் கதைங்க.

மகிழடித்தீவு_பிள்ளை
நான் 2010இல ஏ.எல், டவுன் பள்ளி, மெத்ஸ். அப்ப பாலம் இல்ல, 2014இலதானே திறந்த. மண்முனையில வாவியைக் கடக்கப் பாதைதான், ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திற மிதவை. காத்து அடிக்கிற நாளில பாதை அந்தக் கரையில நிக்கும், நாங்க வெள்ளைச் சட்டையோட இந்தக் கரையில நிப்பம். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, மீன் பெட்டி எல்லாம் ஏத்தித்தான் எடுப்பாங்க. சட்டையில மீன் தண்ணி பட்டால் அண்டைக்கு முழுக்கப் பின் வாங்குதான். எங்களுக்கு முதலாம் பாடவேளை பியூர். ரெண்டு வருசத்துப் பியூரில பாதி எனக்குப் பாதையிலதான் போச்சு.
இப்ப பாலம் இரிக்கி, ஆனா பின்னேரம் பிரச்சினை. டவுனில ரியூசன் முடியக்குள்ள இருட்டிடும். ரோட்டில இறங்கி வீட்டுக்குப் போறதுக்குள்ள யானை நிண்டால் என்ன செய்யிற? வெள்ளம் வாற மார்கழி, தையைப் பற்றிச் சொல்லத் தேவையில்ல. அதால தினமும் பஸ் எண்டதை விடுங்க அண்ணன்.
மாமி வீடும் லேசில்ல. முதல் மாசம் விருந்தாளி. ரெண்டாம் மாசம் தேங்காய் துருவச் சொல்லுவாங்க. நான் எங்கட பெரியம்மா வீட்டில கடைசி ஆறு மாசம் நிண்டன், அவங்கட சின்னவனுக்குப் படிப்பிச்சே எனக்கு நேரம் போன. தங்கச்சியோட முதல்லயே கதைங்க. அரிசி கொண்டுபோய்க் குடுங்க, மாசம் காசும் குடுங்க. சொந்தம் எண்டு சும்மா விட்டால் மகள்தான் வேலையால கட்டுவாள். மேசை ஒண்டு, லைட் ஒண்டு தனியா வேணும்.

மட்டுநகர்_மாமா
ஏன் இவ்வளவு கஷ்டம்? பேருக்கு ஊர்ப் பள்ளியில பதிஞ்சிட்டு சூமில மெத்ஸ் படிக்கலாமே.

மகிழடித்தீவு_பிள்ளை
பள்ளிப் பரீட்சார்த்திக்கு 80 வீத வரவு வேணும் மாமா. நாள் முழுக்க அங்க இருந்திட்டு, இல்லாத பாடத்தை ராவைக்கு சிக்னல் தேடிப் படிக்கிறதா? அப்ளைட்டில ஒரு விசைப்படம் கீறி, பிழைச்சி, அழிச்சி, திரும்பக் கீறித்தான் விளங்கும். போன் திரையில சேர் கீறினதைப் பார்த்து விளங்கின மாதிரி இரிக்கும், கொப்பியில வராது.

ஈடெக்_பொடியன்
இதுக்கு நானும் சரி.

வயல்காரன்_கொக்கட்டிச்சோலை
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னபடி அஞ்சு பேரும் வலயத்துக்குப் போன நாங்க. கதிரை போட்ட, தேத்தண்ணியும் தந்த. வேற பள்ளிச் சேர் ஒராளைக் கிழமையில ரெண்டு நாளைக்கு விடப் பாக்கலாம் எண்டாங்க. எப்ப இருந்து எண்டு கேட்டன், “பாப்பம்”. எழுத்தில தாங்க எண்டன், சிரிச்சாங்க.
தம்பி கேக்கச் சொன்னதை மகளிட்டக் கேட்டன். பதில் சொல்லல்ல. ஓ.எல் கணிதக் கொப்பியைக் கொண்டுவந்து, சேர் தந்த கடைசிக் கணக்கை வேற ரெண்டு வழியில செய்து வெச்சிரிந்ததைக் காட்டினாள். எனக்கு ஒண்டும் விளங்கல்ல, ஆனா விளங்கிச்சி.
திங்கட்கிழமை விடுகைப் பத்திரம் எடுக்கிறன். கல்லடியில தங்கச்சி வீடு, வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே போய்க் கூட்டி வருவன். மாசம் ஒரு மூட்டை அரிசி எண்டு பேசியாச்சி. மேசையும் இஞ்ச இருந்தே ஏத்திறன். இன்னும் ரெண்டு பிள்ளைகளும் டவுனுக்குத்தான் போகுதுகள்.

ஓய்வு_ரீச்சர்
அப்ப மிச்சம் ரெண்டு?

வயல்காரன்_கொக்கட்டிச்சோலை
ஒராள் வர்த்தகம் ரீச்சர். மற்றது ஒரு பொடியன், தகப்பன் இல்ல. டவுனில நிப்பாட்ட வழியில்ல எண்டு தாய் தொழினுட்பத்தில போட்டிரிக்கா. அவன்தான் அஞ்சு பேரிலயும் கூடக் கெட்டிக்காரன் எண்டு மகள் சொல்றாள்.

ஈடெக்_பொடியன்
அந்தத் தம்பியை என்னோட கதைக்கச் சொல்லுங்க அண்ணன். நோட்ஸ், பழைய வினாத்தாள் எல்லாம் கட்டி வெச்சிரிக்கன். வாற ஞாயிறு பாலத்தடிக்குக் கொண்டுவாறன்.